கிடாரம் நிறையச் சுடுதண்ணீர்

ஆண்டவரை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைத் தாழிட்டவள் என்ற பெயர் சவரியம்மாவுக்கு ஒரு வருடமாக இருந்தது. முகத்துக்கு நேரே எவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். ஒரு சண்டையோடு போயிருக்கும். சொல்லாமல் விட்டதால்தான் அந்தப் பெயர் தேயிலைக் கொழுந்தெடுக்கும் மலையிலும் தண்ணீர்ப் பீலிக்கரையிலும் அவளுக்கு முன்னால் போய் நின்றது. அவள் குடத்தோடு வந்தால் பேச்சு நிற்கும். குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பினால், முதுகுக்குப் பின்னால் பேச்சு தொடங்கும்.

மே மாதத்துக் கடைசி ஞாயிறு பின்னேரம் பிலோமினா அவள் வீட்டுக்கு வந்தாள். பிலோமினா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கின் திரு இருதய சபைக்குத் தலைவி. கையில் ஒரு கொப்பி இருந்தது. யூன் மாதம் திரு இருதய மாதம். அந்த மாதத்தின் முப்பது மாலைகளிலும் ஆண்டவரின் சுரூபம் லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாய்த் தங்கும். ஒரு நாள் தங்கிய வீட்டுக்காரர் மறுநாள் மாலை அதைச் சுமந்துபோய் அடுத்த வீட்டில் இறக்குவார். அங்கே பாட்டு, செபம், மன்றாட்டு. மேற்கணக்கின் மூன்று லயங்களில் முப்பது வீடுகள். வேதக்காரர் வீடு, சைவக்காரர் வீடு என்ற பிரிவினை இந்த முறையில் என்றுமே இருந்ததில்லை.

“உக்காருங்கக்கா” என்றாள் சவரியம்மா.

பிலோமினா உட்காரவில்லை. “இல்ல சவரி. ஒன்னயக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான் வந்தேன். பதினெட்டாந் தேதி ஒன் மொறை. இந்த வருசம் ஒன் வீட்ட விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிறலாமான்னு சபையில பேசிக்கிட்டோம். ஒனக்கும் லேசா இருக்கும்.”

லேசாக இருக்கும் என்ற சொல் சவரியம்மாவுக்குள் இறங்கி, அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது. நாற்பத்தொன்பது வயதில் அவளுக்கு லேசாக இருந்தது எது? விடியுமுன் எழுந்து, இடுப்புக்குக் கீழே உயிரற்றுக் கிடக்கும் கணவரைத் துடைத்து, முதுகில் புண் வராமல் புரட்டி, சோறாக்கி, காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஓடி, நாள் முழுதும் கொழுந்தெடுத்து, வரும் வழியில் விறகு பொறுக்கி, பீலியில் தண்ணீர் பிடித்து, மறுபடி அவரைத் துடைத்துப் புரட்டும் வாழ்க்கை அது. நான்கு வருடங்களுக்கு முன் யட்டவத்தைப் பக்கம் கராம்பு பறிக்கப் போன அவள் கணவர் கபிரியேல் மரத்திலிருந்து விழுந்தார். அன்றுமுதல் ஒரு நாளும் அவள் முழுதாகத் தூங்கியதில்லை. ஆகவே, “சரிக்கா” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

பழைய சேலைத் திரைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. கபிரியேல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார் என்பது அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. மனம் நொந்தால் அவர் செய்வது அது ஒன்றுதான்.

“விட வேணாங்கக்கா” என்றாள். “வரட்டும்.”

“யோசிச்சுச் சொல்லு. போன வருசம் மாதிரி...”

“தொறப்பேன்.”

பிலோமினா கொப்பியில் எதையோ எழுதினாள், எழுதியதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள், போய்விட்டாள்.

சவரியம்மா கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த காலத்தில் ஆண்டவரின் வருகை ஓர் எளிய காரியமாக இருந்தது. செபம் முடிந்தால் பாலில்லாச் சாயத்தண்ணி, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனி. பிறகு ஏதோ ஒரு வீட்டில் கடலை அவித்தார்கள். அடுத்த வீட்டுக்காரிக்கு வெறுங்கடலை கொடுக்க வெட்கமாயிருந்தது, வடை சுட்டாள். வடைக்கு அடுத்த வீட்டில் ரத்தோட்டைக் கடையிலிருந்து மீன் வைத்த மாலுபணிஸ் வந்து இறங்கியது. கட்டாரிலிருந்து மகன் திரும்பிய வீட்டில் ஒலிபெருக்கிப் பெட்டியும் பலூன் வளைவும் வைத்தார்கள். போன வருடம் பிலோமினாவின் வீட்டிலேயே ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். அது உருகுமுன் கொடுத்து முடிப்பதற்காக மன்றாட்டைப் பாதியாகக் குறைத்தார்கள்.

எட்டு மணி நேரம் மலையில் நின்ற கால்கள், ஆண்டவர் வருகிறார் என்று சொல்லி, இன்னும் நான்கு மணி நேரம் அடுப்படியில் நின்றன. ஆண்டவர் கேட்டாரா? மாட்டுக் கொட்டிலில் பிறந்தவர் மாலுபணிஸ் கேட்டாரா? தச்சன் வீட்டில் வளர்ந்தவர் பலூன் வளைவு கேட்டாரா? கேட்டவை அக்கம்பக்கத்துக் கண்கள். கொடுத்தவை உழைத்துக் களைத்த கைகள். இரண்டுக்கும் நடுவில் அந்தச் சாந்துச் சுரூபம், சுண்டுவிரல் உடைந்த கையை நெஞ்சில் வைத்தபடி, ஒன்றும் சொல்லாமல் வீடு வீடாய்ப் போய்க்கொண்டிருந்தது.

போன வருடம் யூன் பதினெட்டாந் தேதி சவரியம்மாவுக்குக் காய்ச்சல். காய்ச்சலோடு மலைக்குப் போய், காய்ச்சலோடு திரும்பினாள். வீட்டில் மாவு இல்லை. இருந்திருந்தாலும் அதைப் பிசையக் கையில் தெம்பு இல்லை. பாட்டுச் சத்தம் லயத்துத் திருப்பத்தில் கேட்டபோது எழுந்து பல்பை அணைத்தாள். தாழைப் போட்டாள். இருட்டில் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். கொடுக்க ஒன்றுமில்லாதவள் என்று லயம் பேசுவதைவிட, வீட்டில் ஆளில்லை என்று நினைப்பது மேல் என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

வந்தவர்கள் வாசலிலேயே செபத்தைத் தொடங்கினார்கள். உள்ளே கட்டிலிலிருந்து கபிரியேல் பதில் சொல்லத் தொடங்கினார்.

அது இருபது வருடம் மேற்கணக்குச் சிற்றாலயத்தில் செபம் சொன்ன குரல். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கீழ்க்கணக்கு வரைக்கும் கேட்ட குரல். பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருக்கிறது என்று மலை முழுக்க அறிவித்துவிடக்கூடிய குரல். சவரியம்மா இருட்டில் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

உள்ளங்கைக்குள் அந்த உதடுகள் இன்னும் இரண்டு சொற்களுக்கு அசைந்தன. பிறகு நின்றன.

வெளியே மூன்று முறை கதவைத் தட்டினார்கள். அடுத்த வீட்டு ரஜனி அவளுக்காகப் பொய் சொன்னாள்: “வீட்டுல ஆளில்லீங்க. ரெண்டு பேரும் மாத்தளை ஆசுபத்திரிக்குப் போயிட்டாங்க.” தோட்டத்து லொறி வராமல் கபிரியேல் எங்கும் போக முடியாது என்பதும், அன்று லொறி வரவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். முந்திய இரவு ரஜனி வீட்டில் தங்கிய சுரூபம் மறுபடியும் அவள் வீட்டுக்கே திரும்பிப் போனது. “ஒங்க சாமி எங்க வீட்டுல ரெண்டு நாள் தங்குச்சு. நானா வேணாங்கப் போறேன்?” என்று மறுநாள் ரஜனி சிரித்தாள். சவரியம்மாவால் சிரிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து கபிரியேல் செபம் சொல்வதில்லை. தண்ணி என்பார். திருப்பு என்பார். நோவுது என்பார். கோபமாக ஒரு சொல் சொன்னதில்லை, அதுதான் கொடுமை. ஒவ்வொரு மாலையும் விளக்கேற்றிவிட்டு அவள் செபத்தின் முதற்பாதியைச் சொல்லி, மறுபாதிக்காக நிறுத்துவாள். அந்த இடத்தில் காற்றுச் சத்தம் கேட்கும். அவரது பாதியையும் அவளே சொல்லி முடிப்பாள். பதினெட்டாந் தேதி கதவைத் திறந்தால் அந்தக் குரல் திரும்பும் என்று அவள் நம்பினாள். திறந்த பிறகும் திரும்பாவிட்டால், அதன் பிறகு எதைத் திறப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

யூன் பிறந்தது. முதல் வீட்டில் இடியாப்பமும் சொதியும் என்று செய்தி வந்தது. நான்காம் வீட்டில் கேக் வெட்டினார்களாம். சவரியம்மா கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். நினைத்துப் பார்க்கக்கூட அலுப்பாக இருந்தது.

ஒவ்வொரு மாலையும் கபிரியேலைத் துடைக்க அவள் ஒரு பானை தண்ணீர் காயவைப்பாள். அதில் கொஞ்சம் உப்புப் போடுவாள். துடைத்து முடித்த பிறகு பானையில் மிஞ்சியதைப் பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி, தன் கால்களை அதில் வைப்பாள். அட்டை கடித்த இடங்கள் முதலில் சுள்ளென்று எரியும், பிறகு அடங்கும். வெடித்த குதிகால்களுக்குள் சூடு மெல்ல ஏறும். தண்ணீர் ஆறும்வரை ஐந்து நிமிடமோ ஏழு நிமிடமோ, அந்த நேரம் மட்டுமே அவளுக்கென்று இருந்தது. யூன் எட்டாந் தேதி அப்படி உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். விழித்தபோது தண்ணீர் சில்லிட்டிருந்தது. உடம்போ வருடக்கணக்கில் தூங்கி எழுந்ததுபோல் இருந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அதை யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது. தன்னிடம் இருப்பது இதுதான் என்று கண்டாள்.

மறுநாள் பீலிக்கரையில் ரஜனி கேட்டாள்: “அக்கா, உளுந்து எத்தன கொத்து ஊறப் போடணும்? சொல்லு, நான் அரைச்சுத் தர்றேன். போன வருசம் மாதிரி என்னையப் பொய் சொல்ல வச்சிறாத. எனக்குப் பொய் வர மாட்டேங்குது, பாத்தீல்ல?”

“உளுந்து வேணாம். ஒன் வீட்டுக்காரர்கிட்ட கோயில் கிடாரம் இருக்குல்ல, கெடைக்குமா?”

ரஜனியின் கணவன் யோகேந்திரன் மேற்கணக்கு மாரியம்மன் கோயில் பாத்திரங்களுக்குப் பொறுப்பாளன். “கிடாரமா? பொங்கலா வைக்கப் போற? ஒங்க சாமிக்கு எங்க பொங்கல் ஒத்துக்குமா?” என்றாள் ரஜனி.

“தண்ணி காய வைக்க.”

“காய வச்சு?”

“கால் வைக்க.”

ரஜனி குடத்தைக் கீழே வைத்தாள். தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். “அக்கா, சிரிப்பாங்க” என்றாள்.

“சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்கும் தெம்பு வேணும். யாருக்கிட்ட இருக்கு?”

“தின்ன ஒன்னும் குடுக்க மாட்டியா?”

“சாயத்தண்ணி. கையில சீனி.”

ரஜனி குடத்தை மறுபடி இடுப்பில் ஏற்றினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் சைவக்காரி. நானும் வைக்கலாமா?” என்றாள்.

“நீதானடி சுரூபத்தத் தூக்கிக்கிட்டு வரப்போறவ. மொதக் கால் ஒன்னோடது.”

ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து முடிந்திருந்தது. வெட்டிப்போட்ட தேயிலை மிலாறு குவியல் குவியலாய்க் கிடந்தது. ஒரு கிழமைக்கு ஒவ்வொரு மாலையும் வழக்கமான விறகுக் கட்டோடு இன்னொரு கட்டும் சுமந்தாள் சவரியம்மா. கழுத்து இற்றுப்போனது. எதற்காக இந்தப் பாடு, பிலோமினா சொன்னபோதே விட்டிருக்கலாமே என்று வழியில் இரண்டு முறை கட்டை இறக்கிவைத்து நின்றாள். இரண்டு முறையும் மறுபடி தூக்கினாள். பதினேழாந் தேதி யோகேந்திரன் கிடாரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினான். விளிம்பில் முத்துமாரியம்மன் துணை என்று வெட்டியிருந்தது.

“அம்மனோட கிடாரம் ஆண்டவரோட வேலைக்கு வந்திருக்கு” என்றான். “வாடகையெல்லாம் அவங்க ரெண்டு பேரும் மேல பேசித் தீத்துக்கட்டும். நீ அடி பிடிக்க விட்றாத, அது போதும்.”

“தண்ணி எங்கயாவது அடி பிடிக்குமா, தம்பி?”

“ஒன் நேரத்துக்கு அதுவும் பிடிக்கும்க்கா.”

பதினெட்டாந் தேதி காலையிலிருந்து ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்துக் காற்று. யூன் மாதத்தில் அந்தக் காற்று மனிதர் பேச்சைப் பாதியிலேயே பறித்துக்கொண்டு போகும். தூறலும் சேர்ந்துகொண்டது, புல்லெல்லாம் அட்டை. அன்று மலையில் பெண்கள் பாடவுமில்லை, ஏசவுமில்லை. நிறுவை முடிந்து சவரியம்மா வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. முற்றத்துக் கல்லடுப்பில் கிடாரத்தை ஏற்றி, மிலாற்றை அடுக்கித் தீ மூட்டினாள். கபிரியேலைத் துடைத்து வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். இன்றைக்கு யார் வருகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மேசையில் வெள்ளைத் துணி விரித்தாள். வேலியோரத்துச் செம்பருத்தியில் நான்கு பூக்கள். தரையெங்கும் பாயும் உரச்சாக்கும். சொந்தமாகவும் இரவலாகவும் ஆறு பேசின்கள். பழைய சேலையொன்றைக் கிழித்துத் துடைக்கத் துணிகள். எல்லாவற்றையும் செய்து முடித்தபோது, கட்டிலை மறைக்கும் திரையை விலக்குவோமா என்று அதன் முன் நின்றாள். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. விலக்கவில்லை.

பாட்டு திருப்பத்தில் கேட்டது. போன வருடம் கேட்ட அதே இடம். அவளுடைய கை, தன்னையறியாமல், பல்பின் சுவிட்சுப் பக்கம் போனது. கையை இழுத்துக்கொண்டு, போய்க் கதவை அகலத் திறந்தாள். காற்றில் அது மறுபடி சாத்திக்கொள்ளாதபடி ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள்.

இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், வேலை உடுப்பை மாற்றக்கூட நேரமில்லாதவர்கள். தலையில் முக்காடிட்டு ரஜனி சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள். வாசலில் சவரியம்மா முழந்தாளிட்டு, சுரூபத்தின் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். மேசையில் சுரூபம் அமர்ந்தது. பின்னால் வந்தவர்கள் உள்ளே கால் வைக்குமுன் அவள் எழுந்து வழியில் நின்றாள்.

“எல்லாரும் மொதல்ல காலை வைங்க. சுடுதண்ணி இருக்கு. உப்புப் போட்டிருக்கேன்.”

ஒருவரும் அசையவில்லை. காற்று ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. பிலோமினா பேசின்களைப் பார்த்தாள், கிடாரத்தைப் பார்த்தாள், கிடாரத்து விளிம்பில் வெட்டியிருந்ததையும் வாசித்தாள்.

“என்ன சவரி, பெரிய வியாழக்கிழமைச் சடங்க யூனுல வைக்கிற? கால் கழுவ நீ என்ன சாமியாரா?”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சவரியம்மாவின் காதுமடல் சுட்டது. கதவின் கல்லைக் காலால் எட்டித் தள்ளிவிட்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

“நான் கழுவ மாட்டேங்கக்கா. எனக்குக் குனிய ஏலாது” என்றாள். “நீங்களா வச்சு, நீங்களா எடுங்க. சாமியார் கழுவுறது வருசத்துல ஒரு நாள். நமக்குக் கால் நோவுறது எல்லா நாளும்.”

ரஜனி வந்து பாயில் உட்கார்ந்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். சேற்றுப்புண் பிடித்த கால்களை எல்லோரும் பார்க்கத் தண்ணீரில் வைத்தாள். “அம்மாடீ!” என்று அவளிடமிருந்து வந்த சத்தம், எந்தச் சாமியையும் கூப்பிட்டதல்ல.

அடுத்து மதுஷிகா. ஏழு மாத வயிற்றோடு இன்னும் மலைக்குப் போகிற பெண். சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள். வீங்கிய பாதம் பேசினுக்குள் இறங்கியபோது கண்களை மூடிக்கொண்டாள், கண்ணீர் வந்தது. “சூடா இருக்கா, புள்ள?” என்று சவரியம்மா கேட்டாள். அவள் தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினாள். அதன் பிறகு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வெளியில் காட்டக் கூசி எப்போதும் சேலைக்குள் இழுத்துக்கொள்ளும் கால்கள்: வெடித்தவை, கறுத்தவை, நகம் பெயர்ந்தவை, அட்டை இன்னும் கடித்துத் தொங்கியவை. அந்தக் கால்களைச் சுமந்துகொண்டு எத்தனை வருடங்களாக வீடு வீடாய்ப் போய் வடையைப் புகழ்ந்திருக்கிறார்கள்!

பிலோமினா கடைசியாக வந்தாள். “எனக்கு வேணாம்” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். நாள் முழுதும் பிள்ளைகளைத் தூக்கி நின்ற அவளது கால்களில் நரம்புகள் முடிச்சு முடிச்சாய்ப் புடைத்திருந்தன. அவற்றைத் தண்ணீரில் அமிழ்த்தினாள். பிறகு அருகில் நின்ற சவரியம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி, “போன வருசம் அந்த ஐஸ்கிரீமுக்கு நான் மூணு நாள் தூங்கலடி” என்றாள்.

செபம் சொல்ல வந்த றெக்சன் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவன். பகலில் தூங்க வேண்டியவன், இந்தப் பதினெட்டு நாளும் சபை வேலையாகப் பகலிலும் அலைந்தவன். அவனும் கால்களைப் பேசினில் வைத்தபடியே புத்தகத்தைத் திறந்தான். சவரியம்மா கிடாரத்துக்கும் பேசின்களுக்கும் நடந்து, ஆறியதை எடுத்துச் சூடானதை ஊற்றிக்கொண்டிருந்தாள். செபமாலை முடிந்தது. மன்றாட்டு தொடங்கியது. றெக்சன் ஒவ்வொரு வேண்டுதலாய்ச் சொல்ல, கூட்டம் பதில் சொன்னது.

“எங்கள்மேல் இரக்கமாயிரும்.”

முதலில் இருபத்திரண்டு குரல்கள். பிறகு பதினைந்து. சவரியம்மா ஒரு செம்பு தண்ணீரோடு திரும்பி வந்தபோது ஏழெட்டு. சுவரில் சாய்ந்த தலைகள் ஒவ்வொன்றாய்ப் பக்கத்துத் தோளுக்குச் சரிந்தன. பிலோமினாவின் வாய் திறந்திருந்தது, மெல்லிய குறட்டை. ரஜனி சாக்கில் முழுதாகவே சுருண்டுவிட்டாள். செம்பு தற்செயலாகத் தோளில் இடித்தபோது மதுஷிகா கண்ணைத் திறக்காமலே, “பதினெட்டுக் கிலோங்கய்யா... இன்னொருக்கா நிறுத்துப் பாருங்க” என்றாள். தூக்கத்திலும் அவள் நிறுவைத் தராசின் முன் நின்றாள். சவரியம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். “சரியா இருக்கு. தூங்கு.”

றெக்சனின் குரல் இழுத்தது. ஒரு வேண்டுதலைச் சொன்னான், பதில் வரவில்லை. அடுத்ததைப் பாதிவரை சொன்னான். தலை நெஞ்சில் விழுந்தது. புத்தகம் மடியிலிருந்து நழுவிப் பாயில் கிடந்தது.

வீடு அமைதியானது. காற்றும் மூச்சும் தவிர வேறு சத்தமில்லை. கையில் செம்போடு சவரியம்மா மட்டும் நின்றாள். இரண்டு வருடம் தொடர்ந்து என் வீட்டில் செபம் முறிந்துவிட்டதே என்று முதலில் திகில் வந்தது. எழுப்பத்தான் வேண்டும். பிலோமினாவை நோக்கி ஓர் அடி வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் பார்த்திராத முகம் அது. சபையும் கொப்பியும் இல்லாத, வெறும் களைத்த மனுஷியின் முகம். எழுப்ப மனம் வரவில்லை. மேசைமேலிருந்த சுரூபமும் உடைந்த விரலோடு தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தொண்டை செருமும் சத்தம் கேட்டது.

“இயேசுவின் திரு இருதயமே...”

றெக்சன் விட்ட அதே இடம். புத்தகமில்லாமல், ஒரு சொல் பிசகாமல், கபிரியேல் அந்த வேண்டுதலைச் சொல்லி முடித்தார். ஒரு வருடத் துரு ஏறிய குரல். கீழ்க்கணக்கு வரைக்கும் போகாது. திரையைத் தாண்டுவதற்கே தடுமாறியது. சொல்லிவிட்டு நிறுத்தினார். பதிலுக்காகக் காத்திருந்தார்.

பதில் சொல்ல அந்த வீட்டில் விழித்திருந்தது ஒரே ஒருத்தி. ஒவ்வொரு மாலையும் தான் நிறுத்தி நின்ற இடத்தில் இப்போது அவர் நிற்கிறார் என்பது சவரியம்மாவுக்குப் புரிந்தது. செம்பைக் கீழே வைத்தாள். திரையை முழுவதுமாய் ஒதுக்கினாள்.

கபிரியேல் சுவர்ப்பக்கம் பார்க்கவில்லை. இந்தப் பக்கம், வீடு நிறையத் தூங்கும் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளுடைய கைகளைப் பார்த்தார். அவை ஈரமாய், சுடுதண்ணீரில் சிவந்து, வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன.

“எங்கள்மேல் இரக்கமாயிரும்” என்றாள்.

அவர் அடுத்ததைச் சொன்னார். அவள் பதில் சொன்னாள். அதற்கடுத்தது. இருவரும் குரலை உயர்த்தவில்லை. கதவு திறந்தபடியே இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு போகலாம். கிடாரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அதைக் கடைசிப் பேசினில் ஊற்றிக் கட்டிலின் அருகே கொண்டுவந்து வைத்தாள். தலைமாட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அன்றைக்கு முதன்முறையாகத் தன் கால்களைத் தண்ணீரில் வைத்தாள். அட்டைக்கடி சுள்ளென்றது. பிறகு அடங்கியது.

நான்கு பதில்களைத் தெளிவாகச் சொன்னாள். ஐந்தாவது குழறியது. ஆறாவதற்கு வாய் திறந்தது, சொல் வரவில்லை. கபிரியேல் சற்றுப் பொறுத்துப் பார்த்தார். அவள் தலை அவருடைய தோளருகே மெத்தையில் சாய்ந்திருந்தது. அவளுடைய பங்கையும் சேர்த்து அவரே சொல்லத் தொடங்கினார், ஒருவரையும் எழுப்பிவிடாத மெல்லிய குரலில். தூக்கத்தில் அமிழுமுன் அந்தக் குரல்தான் அவள் காதில் கடைசியாக விழுந்தது.